இலை வாட்டும் மாடியில் ஒரு தெலுங்குப் படம்

கேமரன் மலையைப் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். எந்த ஓட்டல் நல்லது, எங்கே ஸ்ட்ராபெரி மலிவு, குழந்தைகளுக்கு வாந்தி வருமா என்றெல்லாம் கேள்விகள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலாக அந்த மலை ஏறிய கதையைச் சொல்லாமல் அதற்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

அது 1981. தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு தெலுங்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஈப்போவில், தோட்டங்களுக்குப் படச்சுருள் வாடகைக்கு விடும் ஒரு சின்ன கம்பெனியில் தட்டச்சு வேலை. வெள்ளிக்கிழமை போகும் தமிழ்ப் படப் பெட்டி திங்கட்கிழமை திரும்பி வரும்; மறுபடி வெள்ளிக்கிழமை கிளம்பிவிடும். திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படங்களைப் பார்க்காத தோட்டம் பேராக் மாநிலத்தில் இருந்திருக்காது. ஆனால் எங்கள் கிடங்கின் பின்சுவரோரம் ஒரு அடுக்கு அசையாமல் கிடந்தது. மதராஸிலிருந்து மொத்தமாக வாங்கியபோது கூடவே வந்துவிட்ட தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்கள். ஒரே ஒரு வங்காளப் படமும் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய்விடுவேன். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க முதலாளி விடமாட்டார். அதனால் டப்பாவைத் திறந்து, பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்ப்பேன். மலையாளப் படத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. யாராவது ஒருவர் படகில் போய்க்கொண்டே இருந்தார். கன்னடப் படத்தில் ஒரு பெரிய பழைய வீடு, அதில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. சத்தம் இல்லாமல் பார்த்ததால் அப்படித் தோன்றியதோ என்னவோ. வங்காளப் படம் கறுப்பு வெள்ளை. நாணல் காடு, புகை, ஒரு பெண்ணின் முதுகு. தெலுங்குப் படம் ஒன்றில் கிரீடம் வைத்தவர்கள் மேகத்தின் மேல் நடந்தார்கள். அடுத்த டப்பாவைத் திறந்தால் வெயிலில் வெடித்த நிலமும் வியர்வையும். எங்களுக்கு இந்தியப் படம் என்றால் தமிழ்ப் படம். தியேட்டருக்குப் போனால் இந்திப் படம். அவ்வளவுதான். இந்தியாவைப் பார்க்காத நான், அது எவ்வளவு பெரிய நாடு என்று தெரிந்துகொண்டது அந்தச் சன்னலோரத்தில், ரொட்டியைக் கடித்துக்கொண்டு.

ஒருநாள் முதலாளி அந்த அடுக்கைக் காட்டி, “சரசு, இதெல்லாம் அடுத்த மாசம் எடைக்குப் போட்டுடப் போறேன். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு” என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, “தோட்டத்துக்கெல்லாம் ஒரு கடுதாசி எழுதிப் பாக்கட்டுமா முதலாளி? மலையாளக்காரங்க இருக்காங்க, தெலுங்குக்காரங்க இருக்காங்க” என்றேன்.

“எழுது. ஒரு எடத்துல ஓடினா வச்சுக்கலாம். இல்லன்னா எடைக்குத்தான்.”

நாற்பது கடிதம் தட்டச்சு செய்தேன். ஒரே ஒரு பதில் வந்தது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் வேலை செய்யும் தேவி என்ற பெண் எழுதியிருந்தாள். ‘எங்கள் அம்மா தெலுங்கு. இந்த மலைக்கு வந்து இருபத்து நான்கு வருடமாக யாரோடும் தெலுங்கில் பேசியது இல்லை. எனக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் ஒரு தெலுங்குப் படம் காட்ட முடியுமா? இடத்துக்குக் கிராணி ஐயாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.’ கல்யாணத்துக்கும் தெலுங்குப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

காலை ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து கம்பெனி வேனில் கிளம்பினோம். வேன் ஓட்டுவதும் புரொஜெக்டர் ஓட்டுவதும் பாக் டின். ஐம்பது வயது மலாய்க்காரர். இருபது வருடம் தோட்டம் தோட்டமாகப் படம் காட்டியே தமிழ் கற்றுக்கொண்டவர். பின்னால் புரொஜெக்டர், ஒலிபெருக்கி, மடித்த வெள்ளைத் துணி, நான்கு டப்பா. நான்கு ரீல் சேர்ந்தால் ஒரு முழுப் படம். நானே அடுக்கிக் கட்டினேன்.

தாப்பா வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரொட்டி சானாய் முப்பது காசு, தே தாரேக் தேநீர் முப்பத்தைந்து காசு. நன்றாகச் சாப்பிட்டேன், அது தவறு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டரும் வளைவுதான். இப்போது ஈப்போப் பக்கமிருந்து நேராக மேலேறும் அகலமான சாலை இருக்கிறது. அன்றைக்கு அந்த ஒரே வழிதான். அருவிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் பெத்தாய்க் காய்க் கட்டு விற்றுக்கொண்டிருந்த பூர்வகுடிப் பெண்மணியின் முன்னால் வாந்தி எடுத்தேன். அவர் ஒரு மூங்கில் குழாயில் தண்ணீர் கொடுத்தார்.

“அடுத்த தடவ சாப்பிடாம ஏறு லா” என்றார் பாக் டின்.

ரிங்லெட்டைத் தொட்டபோது பத்து நாற்பது. அதற்குமேல் எனக்கு எல்லாமே அரைத் தூக்கத்தில் பார்த்ததுபோல் நினைவிருக்கிறது. ஏரித் தண்ணீரிலிருந்து மூடுபனி எழுந்து சாலைக்கு வந்தது. வேனுக்கு முன்னால் ஒரு காய்கறி லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்து போனது. தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம் கோஸ் கடைகள். கம்போங் ராஜா போகும் சாலையிலிருந்து பிரிந்து, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல். பனி விலகிய ஒரு நிமிடத்தில் மலை முழுவதும் சீவிவிட்ட தலைபோலத் தேயிலை தெரிந்தது. பிறகு மறுபடி மூடிக்கொண்டது. எனக்குக் கிடங்குச் சன்னல்தான் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டம், பிறகு இன்னொரு கட்டம்.

தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து முனையிலேயே தேவி காத்திருந்தாள். இருபத்தொரு வயது, மெலிந்த பெண், சிவப்பு ஸ்வெட்டர். அவள் அம்மா நரசம்மா வீட்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைவிரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. தேநீர் கொடுத்தார், போர்வை கொடுத்தார், ஆனால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் தேவி எனக்கு விஷயத்தைச் சொன்னாள். நரசம்மாவின் சொந்த ஊர் கீழே ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தெலுங்குக்காரர்கள் நிறைந்த தென்னந்தோட்டம். தேயிலை ஏற்றும் லோரியில் வேலை பார்த்த தமிழரை விரும்பி, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அவருடைய அப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தை: ‘நீ போனால் உன் பேச்சும் உன்னை விட்டுப் போய்விடும்.’

“இங்க வந்த புதுசுல அம்மா பேசினா எல்லாரும் சிரிப்பாங்களாம் அக்கா. அதோட வாய மூடிக்கிட்டாங்க. எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கல. தாத்தா செத்தப்ப கடுதாசி வந்துச்சு, போகல. ரெண்டு வருசம் முன்ன அப்பா தவறினப்ப மாமாவுக்கு நாங்க சொல்லி அனுப்பல.”

“இப்ப கல்யாணத்துக்கு?”

“தாய்மாமன் இல்லாம எப்படிக்கா? லயத்துல எல்லாரும் கேக்குறாங்க. நான் போய்க் கூப்பிடுறேன்னாலும் விடமாட்டேங்குறாங்க. பொறந்த வீட்டுக்கு அந்த வீட்டுப் பொண்ணுதான் போகணும்னு சொல்றாங்க. சரி, நீங்க போங்கன்னா...” தேவி குடத்தைத் திருப்பி வைத்தாள். “‘அங்க போயி நான் தமிழ்ல பேசினா எங்கப்பன் சொன்னது பலிச்சுப் போச்சுன்னு ஆயிடும்டி’ன்னு அழுறாங்க. மறந்தே போச்சுன்னு பயம். அதான் ஒரு படத்தக் காட்டிப் பாப்போம்னு.”

இந்த எண்ணம் எனக்கு நல்லதாகத்தான் பட்டது. ஆனால் படம் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியாமல் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பகல் இரண்டு மணிக்குப் படம். திடலில் மழை பிடித்துக்கொள்ளலாம் என்பதால், தொழிற்சாலையின் மேல்தளத்தில் இலை வாட்டும் மாடியைக் கொடுத்திருந்தார்கள். வாரநாளில் பறித்த கொழுந்தை அங்கேதான் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள். அன்றைக்குக் காலியாக இருந்தது. சன்னல்களைக் கொழுந்துச் சாக்கால் அடைத்தோம். நூற்றைம்பது பேருக்கு மேல் பாயும் பலகையுமாக வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் தமிழ்ப் படம் என்று நினைத்து வந்தவர்கள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் நாயர் கிராணி. தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; மலையாளி, தனிக்கட்டை. லயத்து ஆட்களோடு கணக்கு வழக்கைத் தவிர வேறு பேசமாட்டார் என்று தேவி சொல்லியிருந்தாள். அனுமதி கொடுத்ததற்காக வந்திருந்தார். சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டிருந்தது.

நரசம்மா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கை அணைத்ததும் சாக்கு இடுக்கு வழியே பனி உள்ளே வந்தது. புரொஜெக்டர் வெளிச்சம் போகும் பாதையில் அது புகைபோல் சுருள, படத்துக்கு முன்னாலேயே ஒரு படம் ஓடியது. மாடி முழுக்கப் பச்சைத் தேயிலை வாசம். ஊர்க் கிணற்றைப் பெரிய மனிதர் ஒருவர் வேலி போட்டு எடுத்துக்கொள்ள, அதை மீட்க ஒரு பெண் வழக்குப் போடுகிற கதை. இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது ஒரு சொல் கூடப் புரியவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

“என்னா பாசை லா இது?”

“தெலுங்காம். நம்ம நரசம்மாகிட்ட கேளு.”

நான் திரும்பிப் பார்த்தேன். நரசம்மா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு திரையையே பார்த்தார். திரையில் ஒரு வக்கீல் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். முன் வரிசைப் பெண் ஒருத்தி சத்தமாகவே கேட்டுவிட்டாள்: “நரசம்மா, என்னா சொல்றான் அவன்?”

நரசம்மா கோத்த கையைப் பிரித்தார். பிறகு, “தெரியல” என்றார். “எனக்குத் தெரியல.”

யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சும்மாதான். நரசம்மா எழுந்து கதவைத் தேடித் தடவினார். தேவி அவர் கையைப் பிடித்தாள்.  முதலாளி, எடைக்குப் போடுவது எல்லாம் மறந்தே போனது. ஒருத்தர் மறைத்து வைத்திருந்த பயத்தை நூற்றைம்பது பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

அப்போதுதான் திரையில் ஒரு வேலைக்காரன் வந்தான். பெரிய மனிதர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே தன் பெண்டாட்டியிடம் ஏதோ சொன்னான். சொன்ன விதமே வேறு; வக்கீலின் வழவழப்பான பேச்சு இல்லை, இழுத்து, பல்லில் கடித்து, ஒரு கரடுமுரடான பாட்டுப்போல. மாடியில் ஒரே ஒருவர் சிரித்தார். கதவருகில் நின்றிருந்த நரசம்மா. அடக்க முடியாமல், வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

நூற்றைம்பது தலையும் திரும்பின.

“என்னா சொன்னான்?” என்று அதே பெண் கேட்டாள். இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

நரசம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். “‘எசமான் வீட்டு நாய்க்கு ரெண்டு வேள சோறு, எனக்கு ஒரு வேளதான். நாளையிலேர்ந்து நானும் குலைக்கப் போறேன்’ங்கிறான்.”

மாடியே சிரித்தது. ஆனால் யாரும் நரசம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை யார் விட்டார்கள்? முன்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் உட்காரவைத்தார்கள். வேலைக்காரனும் கிராமத்துப் பெண்களும் பேசினால் ஒன்று விடாமல் சொன்னார். அவருடைய ஊர்ப் பேச்சு அதுதான், அவருடைய அப்பா அம்மா கப்பலில் கொண்டுவந்த கடலோரத் தெலுங்கு. வக்கீல் பேசும்போது தயங்கினார். “இது புஸ்தகத் தெலுங்கு. பாதிதான் வெளங்குது” என்று ஒளிக்காமல் சொன்னார். புரியாத இடத்தில் முகத்தைப் பார்த்து ஊகித்தார். ஒரே மொழிக்குள்ளேயே இத்தனை மாடி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது ரீல் மாற்றும்போது ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது ரீலில் அந்தப் பெண் தன் மாட்டை விற்று டவுனுக்குப் போய், கோர்ட்டுப் படியில் ஏறத் தொடங்கினாள். ரீல் முடிந்தது.

பாக் டின் நான்காவது ரீலை மாட்டினார். திரையில் மழை பெய்தது. தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு படகு போனது, துறையில் ஒரு கிழவர் நின்றார்.

 கிடங்கில் மதிய நேரத்தில் டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு, என்றோ ஒருநாள் ரீலை மாற்றி வைத்துவிட்டிருக்கிறேன். என் தவறுதான், வேறு யாரும் அந்தப் பக்கம் போவதே இல்லை.

“யாரு இந்தக் கெழவன்? அந்தப் பொண்ணு எங்க?” கூட்டம் கேட்டது. நரசம்மா திகைத்துப்போய், “இது என் பாசையே இல்ல” என்றார்.

நான் எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இது மலையாளம்.” நாயர் கிராணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “ஞங்கட நாட்டுப் படம்.”

“நிறுத்தட்டுமா ஐயா?” என்று கேட்டேன்.

 பின்னாலிருந்து ஒரு கிழவர், “ஓடட்டும் லா. கிராணி ஐயா சொல்லட்டும், நாங்க கேக்குறோம்” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னால் பின்னால் கேட்காது என்று யாரோ தைரியமாகச் சொன்னார்கள். கிராணி எழுந்து போய் நரசம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

“ஒரு அச்சன். அப்பா. மகன் தூரதேசத்தில் ஜோலிக்குப் போயிருக்கான். காகிதம் வருமா என்று தினமும் கடவுக்கு, படகுத் துறைக்கு, வந்து பார்க்கிறார்.” கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே வந்தார். படகுக்காரனின் கேலியைச் சொன்னார். அந்த அப்பா தன் கண்ணாடியை விற்றதைச் சொன்னார். பிறகு ஒரு இடத்தில், அப்பா துறையில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்து ஏதோ பேசும்போது, கிராணி நிறுத்திவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். யாரும் ‘என்னா சொல்றாரு’ என்று கேட்கவில்லை. அந்த அப்பா பேசி முடிக்கும் வரை இயந்திரத்தின் சத்தமும் மழைச் சத்தமும்தான். திரையில் பெய்ததா, கூரைமேல் பெய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மணி நாலரை.  பிறகு விவாதம் தொடங்கியது. கோர்ட்டுப் படியில் ஏறினவள் கதி என்ன?

“ஜெயிச்சிருப்பா” என்றார் நரசம்மா. “மாட்ட வித்துட்டு அவ்ளோ தூரம் வந்தவ படியில நின்னுட்டா இருப்பா?”

கிராணி என் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். “அந்த மலையாளப் படத்தின் மற்ற மூன்று ரீல் உங்களிடம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு ஐயா.”

“அடுத்த மாதம் கொண்டுவாங்க. இடம் நான் ஏற்பாடு செய்யறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். பனிக்குள்ளிருந்து நரசம்மா வந்தார். நல்ல புடவை, ஒரு துணிப்பை. பின்னால் தேவி, கண் சிவந்து, ஆனால் சிரித்த முகமாக.

“வண்டில எடம் இருக்கா?” என்று நரசம்மா பாக் டின்னிடம் கேட்டார். “தாப்பாவுல எறக்கி விட்டீங்கன்னா பஸ் புடிச்சுப் போயிருவேன்.”

“எங்க?”

“ஊத்தான் மெலிந்தாங்.”

பாக் டின் என்னைப் பார்த்தார். தாப்பாவிலிருந்து தெலுக் ஆன்சன் வழியாக அது எழுபது கிலோமீட்டர், ஈப்போவுக்கு நேர் எதிர்த் திசை. “பஸ் வேணாம்” என்றார். “முதலாளிகிட்ட இஞ்சின் சூடாச்சின்னு சொல்லலாம்.”

நரசம்மா சன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அருவியைத் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். என்னிடம் சொல்வதாக நினைத்துத் திரும்பினேன். என்னிடம் இல்லை. “கொண்ட” என்றார், மலையைப் பார்த்து. “செட்டு.” மரம். “நீள்ளு.” ஓடைத் தண்ணீர். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். சில இடத்தில் நெற்றியைச் சுருக்கித் தேடினார். கிடைத்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். சமவெளிக்கு வந்து தென்னை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். 

அந்தத் தென்னந்தோட்டத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. பலகை வீடு, கதவு சாத்தியிருந்தது. நரசம்மா படியில் நின்றார். ஏறவில்லை. நானும் பாக் டின்னும் வேனுக்குள்ளேயே இருந்தோம். கடைசியில் கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. “எவரு?”

“நேனே” என்றார் நரசம்மா. நான்தான். பிறகு, “நேனே, தம்முடு” என்றார். நான்தான், தம்பி.

கதவு திறந்தது. பனியனும் கைலியுமாக ஒரு மனிதர், தலை பாதி நரைத்தவர். நரசம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் சொன்னது ஒரே சொல்தான். “அக்கா.”

அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றே. அவர் எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

எங்களையும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். தம்பியின் பிள்ளைகள் மூன்று பேரும் எங்களிடம் தமிழில்தான் பேசினார்கள். தோட்டத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தம்பியின் பேச்சிலும் ஒரு வரிக்கு இரண்டு தமிழ், ஒரு மலாய் கலந்திருந்தது. நரசம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நீயும் இப்படித்தானா?” என்று தமிழிலேயே கேட்டார். தம்பி, “இங்க எல்லாருக்கும் இப்படித்தான் அக்கா. அப்பாவே கடைசில பாதி தமிழ்லதான் திட்டினாரு” என்றார். நரசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று பார்க்காமல் நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

எங்கள் முதலாளி அந்த அடுக்கை எடைக்குப் போடவில்லை. அடுத்த மூன்று நான்கு வருடம் மாதம் ஒருமுறை நானும் பாக் டின்னும் ஏதாவது ஒரு மொழியை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கன்னடப் படத்துக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்த தமிழர் ஒருவர், இளவயதில் பெங்களூரில் இருந்தவராம், வந்து முக்கால்வாசி தப்பாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். வங்காளப் படத்துக்கு யாருமே இல்லை. அதைச் சும்மாவே பார்த்தோம். பிறகு வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. திரை கட்டுவது நின்றது.

இனி நீங்கள் கேட்டவை. ஈப்போ பக்கமிருந்து வருகிறவர்கள் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். கம்போங் ராஜாவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். தாப்பா வழியில் அருவியும் பூர்வகுடிக் கடைகளும் உண்டு, வளைவும் உண்டு. வெறும் வயிற்றில் ஏறுங்கள், ரிங்லெட்டில் சாப்பிடுங்கள். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை வண்டி நகராது, காலை எட்டுக்கு முன் தாண்டிவிடுங்கள். ஸ்வெட்டர் ஒன்று, குடை ஒன்று. சில தேயிலைத் தொழிற்சாலைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும். பார்க்க விடுகிற இடத்தில் இலை வாட்டும் பகுதியையும் கேட்டுப் பாருங்கள், பலர் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். லயத்துப் பக்கம் போனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது மனிதர்கள் வாழும் வீடு.

அந்தத் தை மாதம் தேவியின் கல்யாணத்துக்காகவும் மலை ஏறினேன். தாய்மாமன் ஒருநாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்கிவிட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. முகூர்த்த நேரத்தில் மாமன் மாலையை எடுத்துக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது; கோயிலுக்கு வெளியே யாரோடோ பேசிக்கொண்டு நின்றிருந்தார். மணவறைக்குப் பக்கத்திலிருந்து நரசம்மா எழுந்து நின்று, அத்தனை பேர் தலைக்கும் மேலாகத் தெலுங்கில் அவரைக் கூப்பிட்டார். பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நரசம்மா குரலைத் தாழ்த்தவில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.